விமானி ஆக என்ன வழி? கடலூர், புதுச்சேரி மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில் என்னிடம் வரும் கேள்விகள் ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருக்கும். நெய்வேலி, பண்ருட்டி, வில்லியனூர், சிதம்பரம் என்று ஊர்தான் மாறும். விமானிப் பயிற்சிக்கான எழுத்துத் தேர்வுப் பாடங்களைப் புதுச்சேரியில் நடத்துகிறவன் என்ற முறையில் அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வேன்: முதலில் உடல் தகுதி, அடுத்து எழுத்துத் தேர்வு, அதன் பிறகுதான் பணம். இந்த வரிசையை மாற்றிய குடும்பங்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸில் எத்தனை வகை இருக்கிறது? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

இந்தியாவில் விமானிகளுக்கு லைசென்ஸ் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். டி.ஜி.சி.ஏ. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி மாணவர் விமானி லைசென்ஸ், சுருக்கமாக எஸ்.பி.எல். 16 வயது நிறைந்து, பத்தாம் வகுப்பில் தேர்ச்சியும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும் இருந்தால் போதும். பயிற்சிப் பள்ளியே வாய்மொழித் தேர்வு வைத்துக் கொடுத்துவிடும். அடுத்தது தனியார் விமானி லைசென்ஸ், பி.பி.எல். அதற்கு 17 வயதும் 40 மணி நேரப் பறத்தலும் வேண்டும். இதை வைத்துக்கொண்டு நீங்கள் பறக்கலாம், நண்பரை ஏற்றிக்கொண்டும் போகலாம், ஆனால் அதற்குக் கூலி வாங்கக் கூடாது. பிழைப்புக்காகப் பறக்க வேண்டுமானால் வணிக விமானி லைசென்ஸ், அதாவது சி.பி.எல். அவசியம். 18 வயது, 200 மணி நேரம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது பயணிகள் விமானப் போக்குவரத்துக்கான விமானி லைசென்ஸ், ஏ.டி.பி.எல். 21 வயது, 1,500 மணி நேரம். பயணிகள் விமானத்தில் கேப்டன் இருக்கையில் அமர இது வேண்டும்.

பி.பி.எல். வாங்காமலே எஸ்.பி.எல்.லிலிருந்து நேரே சி.பி.எல்.லுக்குப் போகலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். "பி.பி.எல். கட்டாயம்" என்று சொல்லி யாராவது தனியாகக் கட்டணம் கேட்டால், எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருக்க வேண்டும்?

சி.பி.எல்.லுக்கு இயற்பியலும் கணிதமும் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். கணிதம்–உயிரியல் எடுத்தவர்களுக்கும் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்கும் சிக்கல் இல்லை. தாவரவியல், விலங்கியல் எடுத்தவர்களிடம் இயற்பியல் இருக்கும், கணிதம் இருக்காது. வணிகவியல் மாணவர்களிடம் இரண்டுமே இருக்காது. இவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) விடுபட்ட பாடத்தை மட்டும் தனியாக எழுதித் தேறினால் போதும். முழு பிளஸ் டூவையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா என்பதும் ஒரு பொருட்டே இல்லை.

மதிப்பெண்ணைப் பற்றியும் கேட்கிறார்கள். டி.ஜி.சி.ஏ. பார்ப்பது தேர்ச்சியைத்தான். ஆனால் உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி தேசிய விமானப் பயிற்சி அகாடமி போன்ற இடங்களும், விமான நிறுவனங்கள் தாங்களே மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்களும் தங்களுக்கென்று மதிப்பெண் வரம்பு வைத்திருக்கும்.

மருத்துவப் பரிசோதனையை முதலில் செய்யச் சொல்கிறீர்களே, ஏன்?

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி ஒருவர் தன் மகனை ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்து, கட்டணத்தில் பெரிய பகுதியை முன்பணமாகக் கட்டிவிட்டார். மருத்துவப் பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொன்னார்களாம். மூன்று மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் பையனுக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது தெரிந்தது. அவனுக்கே அதுவரை தெரியாது. பிறவியிலேயே உள்ளவர்களுக்கு அது குறையாகவே தோன்றாது, அவர்கள் உலகத்தை அப்படித்தானே பார்த்து வந்திருக்கிறார்கள்! கட்டிய பணத்தில் பாதியைக்கூட அந்தக் குடும்பத்தால் திரும்ப வாங்க முடியவில்லை. புள்ளி புள்ளியாக எண்கள் அச்சிட்ட இஷிஹாரா அட்டைகளைக் காட்டி எந்தக் கண் மருத்துவரும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் அது. இந்தக் குறை பெண்களைவிட ஆண்களிடம்தான் அதிகம்.

நடைமுறை இதுதான். முதலில் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர் ஒருவரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை. அது முடிந்ததும் முதல் வகுப்புப் பரிசோதனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சி.பி.எல்.லுக்கு முதல் வகுப்புச் சான்று கட்டாயம். அதை எல்லா மருத்துவர்களும் செய்ய முடியாது, அதற்கென்று அங்கீகரித்த மையங்கள் உண்டு. நம் பக்கத்தில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது பெங்களூருவில் உள்ள விமானப் படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம். கண், காது, இதயம், ரத்தம், சிறுநீர், நுரையீரல், வயிற்று ஸ்கேன் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே பிளஸ் டூ படிக்கும்போதே தொடங்குவது நல்லது.

ஒரு குறையைக் கண்டுபிடித்தால் உடனே எல்லாம் முடிந்துவிட்டது என்று அழ வேண்டாம். உடல் எடை, ரத்தச் சோகை, காதில் மெழுகு, மூக்குத் தண்டு வளைவு போன்றவற்றுக்குத் "தற்காலிகத் தகுதியின்மை" என்று போட்டு, சரிசெய்துகொண்டு வரச் சொல்வார்கள். அப்படிப் போய்த் திரும்பி வந்து லைசென்ஸ் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

கண்ணாடி போட்டிருந்தால் விமானி ஆக முடியாதா?

முடியும். கண்ணாடியோடு பார்வை முழுமையாக வந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் இருக்க வேண்டும். லேசர் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்வதற்கு முன் டி.ஜி.சி.ஏ. மருத்துவரைக் கேளுங்கள். எந்த வயதில் செய்தார்கள், செய்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அவசரப்பட்டுச் செய்துகொண்டு காத்துக்கிடப்பதைவிடக் கண்ணாடியோடு போவதே மேல்.

எழுத்துத் தேர்வில் என்னென்ன பாடங்கள்? கடினமா?

விமான வழிகாண்முறை, வானிலையியல், வான்வெளி விதிகள், விமானமும் இன்ஜினும் பற்றிய பொதுத் தொழில்நுட்பம், நீங்கள் பறக்கும் குறிப்பிட்ட விமானத்தைப் பற்றிய தொழில்நுட்பம். இவை டி.ஜி.சி.ஏ. தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. இவை தவிர ரேடியோ தொலைபேசிக்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. தேர்வெழுத முதலில் டி.ஜி.சி.ஏ.யிடம் கணினி எண், அதாவது தேர்வருக்கான பதிவு எண், பெற வேண்டும். அதற்குப் பள்ளிச் சான்றிதழ்களின் உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பார்கள். பெயரின் எழுத்தோ இனிஷியலோ ஆதாரில் ஒன்றாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறாகவும் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல் தொல்லை அதிகம், முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள்.

கடினமா என்றால், மனப்பாடம் செய்கிறவர்களுக்குக் கடினம்தான். கேள்வி வங்கிகளை உருப்போட்டுத் தேறுகிறவர்களும் உண்டு, ஆனால் விமான நிறுவனத்தின் நேர்காணலில் அவர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வானிலையியலை நான் கடற்காற்றிலிருந்துதான் தொடங்குவேன். மே மாதத்தில் கடலூரில் காலை முழுவதும் மேற்கிலிருந்து அனல் அடிக்கும். நிலம் நன்றாகச் சூடேறியதும் அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். சில நிமிடத்தில் காற்றின் திசை தென்கிழக்காகிவிடும். தேவனாம்பட்டினம் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது, சோழகம் எது என்று அவன் எனக்குச் சொல்வான். விமானம் காற்றை எதிர்த்தே ஏற வேண்டும், எதிர்த்தே இறங்க வேண்டும். ஆகவே காற்று திரும்பினால் ஓடுதளத்தின் எந்த முனையிலிருந்து ஏறுவது என்பதும் மாறும். இதை உணர்ந்தவனுக்குப் பாடப்புத்தகத்தின் முதல் ஐந்து அத்தியாயங்கள் கதை மாதிரி ஓடும்.

வழிகாண்முறையில் "அறுபதுக்கு ஒன்று" என்று ஒரு விதி உண்டு. 60 கடல் மைல் பறந்த பிறகு பாதையிலிருந்து 1 கடல் மைல் விலகியிருந்தால், உங்கள் திசையில் 1 டிகிரி பிழை. 3 மைல் விலகியிருந்தால் 3 டிகிரி. ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியல்தான், ஆனால் ஒரு கையில் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்துக்கொண்டு இதை மனக்கணக்காகப் போட வேண்டும். கணிதம் கேட்கப்படுவது இதற்காகத்தான்.

தமிழ்வழிப் பள்ளியில் படித்தேன். ஆங்கிலம் தடையாகுமா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள், பெரும்பாலும் எல்லோரும் போன பிறகு. தடையாகாது. ஆனால் உழைப்பு வேண்டும்.

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆங்கிலத் திறனை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. விமானிக்குக் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுப் புரிந்துகொள்ளுதல், உரையாடல் ஆகிய ஆறையும் பார்ப்பார்கள். நான்காம் நிலைக்கு இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. தமிழ் வாடை அடிக்கும் உச்சரிப்பும் குற்றமில்லை, எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

ரேடியோவில் பேசுவது அளவெடுத்த பேச்சு. எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். 9 என்பதை "நைனர்" என்பார்கள், 5 என்பதை "ஃபைஃப்" என்பார்கள். இரைச்சலில் இரண்டும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயின் நாட்டின் டெனரீஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றின் மிகப் பெரிய விபத்து அது. மூடுபனி இருந்தது, அவசரம் இருந்தது, வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் புறப்பட அனுமதி கிடைத்ததா இல்லையா என்பதில் எழுந்த சொல் குழப்பம் அவற்றில் முக்கியமானது. இன்றைய ரேடியோ ஒழுங்கு அப்படிப்பட்ட பாடங்களிலிருந்து இறுகி வந்தது. ஆங்கிலவழியில் படித்தவர் வளவளவென்று பேசிப் பழகியிருந்தால், அவரும் இதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். அந்த இடத்தில் தமிழ்வழி மாணவருக்கும் அவருக்கும் வித்தியாசம் குறைவு. தினமும் அரை மணி நேரம் சத்தமாகப் பேசிப் பழகுங்கள், ஆறு மாதத்தில் மாற்றம் தெரியும்.

200 மணி நேரத்தில் என்னதான் செய்வார்கள்?

தொடக்கத்தில் பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார். செஸ்னா 152, செஸ்னா 172, டைமண்ட் டி.ஏ.40 போன்ற ஒற்றை இன்ஜின் விமானங்கள். ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இறக்கையின் அடியில் உள்ள வடிகாலை அழுத்திச் சிறு கண்ணாடிக் குப்பியில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார்கள். செஸ்னாவின் பெட்ரோல் இளநீல நிறத்தில் இருக்கும். அடியில் நிறமற்ற முத்துக்களாக எதுவும் உருண்டால் அது தண்ணீர். தண்ணீர் போகும்வரை வடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். கடலோர ஈரக் காற்றில் இரவு முழுதும் நின்ற விமானத்தில் இதை ஒருநாளும் விடக் கூடாது.

பிறகு நேராகப் பறத்தல், திரும்புதல், ஏறுதல், இறங்குதல், 'ஸ்டால்' பயிற்சி. ஸ்டால் என்றதும் இன்ஜின் நின்றுவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். இன்ஜினுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எதிர்க்காற்றோடு இறக்கை அமையும் கோணம் ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டும்போது இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும், தூக்குவிசை சரியும். மூக்கைக் கீழே இறக்கிக் கோணத்தைக் குறைத்தால் விமானம் மறுபடி பறக்கும். பாதுகாப்பான உயரத்தில், பயிற்றுநரோடு, வேண்டுமென்றே இதைச் செய்து பழக்குவார்கள்.

பிறகு 'சர்க்யூட்'. ஓடுதளத்திலிருந்து எழும்பி, ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்தில் ஒரு நீள்சதுரமாகச் சுற்றி வந்து இறங்குவது. இதைச் சலிக்கச் சலிக்கச் செய்ய வேண்டும். ஒரு நாள் காலையில், ஓடுதளத்தின் ஓரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பயிற்றுநர் இறங்கிக்கொள்வார். "ஒரு சுற்று மட்டும், போய்விட்டு வா" என்பார். முதல் சோலோ அதுதான். அவருடைய எடை இல்லாததால் விமானம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டு எழும்பும். பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்ப்பதற்குக்கூட நேரம் இருக்காது. இறங்கியதும் உடன் படிக்கிறவர்கள் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவது பல பள்ளிகளில் வழக்கம். என் மாணவர்கள் அந்த ஈரச் சட்டையோடு எடுத்த படத்தை அனுப்பும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி, அவர்கள் வேலைக்குச் சேர்ந்த செய்தி வரும்போதுகூட ஏற்படுவதில்லை.

இனி கணக்கு. 200 மணியில் 100 மணி நீங்களே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். 20 மணி ஊர்விட்டு ஊர் பறத்தல். அதில் ஒரு பயணமாவது 300 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 555 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும். 5 மணி இரவுப் பறத்தல், பத்து ஏற்ற இறக்கங்களோடு. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது சி.பி.எல்.லுக்கு 10 மணி போதும். ஆனால் விமான நிறுவனங்கள் கேட்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (லைசென்ஸோடு சேரும் கூடுதல் தகுதி) 40 மணி வேண்டும், அதில் ஒரு பகுதியை விமானம் போலவே இயங்கும் தரைக் கருவியான சிமுலேட்டரில் செய்யலாம். இரட்டை இன்ஜின் விமானத்துக்கும் தனி ரேட்டிங் எடுக்க வேண்டும்.

எல்லா மணிகளும் லாக்புக்கில், அதாவது விமானியின் பறத்தல் பதிவேட்டில், ஏறும். பறக்காத மணியைப் பறந்ததாக எழுதுவதற்கு எவர் தூண்டினாலும் உடன்படாதீர்கள். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் பெற்ற விமானிகள் சிலர் கைதானார்கள். பின்னால் நூற்றுக்கணக்கான உயிர்களை ஏற்றிக்கொண்டு போகப் போகிறவர் முதல் கையெழுத்திலேயே பொய் எழுதுவதை என்னால் மன்னிக்க முடியாது.

நம் ஊர் வெயிலும் மழையும் பயிற்சியைப் பாதிக்குமா?

பாதிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோரப் பயிற்சித் தளங்களில் நாட்கணக்கில் பறக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறிய தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சலையும் அனுபவித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடக்கே போனால் மழைக்குப் பதில் குளிர்காலப் பனிமூட்டம்.

வெயிலைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்பது விமானத் துறை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நிலையான அளவு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி உயரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரி அடிக்கும்போது, கடலூர் சில்வர் பீச் மணலில் நின்றாலும் உங்கள் இன்ஜினும் இறக்கையும் மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோலவே உழைக்கும். ஓட வேண்டிய தூரம் கூடும், ஏறும் வேகம் குறையும். கோடையில் பயிற்சிப் பள்ளிகள் விடியற்காலையிலேயே பறக்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாஸ்பேட்டையிலோ நெய்வேலியிலோ இருந்துகொண்டே பயிற்சி பெற முடியாதா?

வெளியூர் போகத் தயாராக இருங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுதளம் ஏறக்குறைய 1,500 மீட்டர். சிறு பயிற்சி விமானத்துக்கு அது தாராளம், ஏ.டி.ஆர். வகைச் சிறிய பயணிகள் விமானங்களுக்குப் போதும். 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இண்டிகோ தொடங்கியது அந்த ஏ.டி.ஆர். சேவைதான். நெய்வேலியில் என்.எல்.சி.க்குச் சொந்தமான ஓடுதளம் இருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது. இவற்றில் ஒன்றிலாவது முறையான பயிற்சிப் பள்ளி நிலைத்து நடந்தால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விடுதிச் செலவாவது மிஞ்சும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். தமிழ்நாட்டில் சேலம் காமலாபுரம், பயிற்சிப் பள்ளிக்காக இந்திய விமான நிலையங்கள் ஆணையம் ஒதுக்கிய இடங்களில் ஒன்று. மற்றபடி மகாராஷ்டிரத்தில் கோந்தியா, பாராமதி என்று பலரும் போகிறார்கள்.

எழுத்துத் தேர்வுகளுக்கு மட்டும் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். நான் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? நிலத்தை விற்றுப் படிக்க வைக்கலாமா?

சி.பி.எல். வரை இந்தியாவில் அரை கோடி ரூபாயை ஒட்டி ஆகிறது, பள்ளிக்குப் பள்ளி கூடும், குறையும். அதன்பின், ஒரு குறிப்பிட்ட வகைப் பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்குக்குப் பத்து லட்சத்துக்கு மேல். தங்கும் செலவு, மருத்துவச் செலவு, தேர்வுக் கட்டணம், தாமதம் ஆனால் அதற்கான கூடுதல் மாதங்கள் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

வங்கிக் கடன் கிடைக்கும். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த விமானிப் பயிற்சிக்கு இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடம் உண்டு. வித்யாலக்ஷ்மி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தத் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து அடமானம் கேட்பார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது என்பது வழக்கமான ஏற்பாடு. வட்டி மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நிலத்தை விற்பது குறித்து என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும், குறைந்தது மூன்று எழுத்துத் தேர்வுகளின் தேர்ச்சியும் கைக்கு வரும்வரை ஒரு சென்ட் நிலத்தையும் விற்காதீர்கள். இவை இரண்டுக்கும் ஆகும் செலவு மொத்தத்தில் மிகச் சிறியது. இவை கையில் இருந்தால் பிள்ளைக்கு உடலும் மனமும் இந்தத் தொழிலுக்கு ஒத்துவரும் என்பது பாதி உறுதியாகிவிடும். அதன் பிறகும் இருக்கும் நிலம் அனைத்தையும் விற்க வேண்டாம். லைசென்ஸ் கிடைத்த நாளிலேயே வேலை கிடைக்கும் என்று எவரும் உறுதி தர முடியாது. விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பதில் ஏற்ற இறக்கம் உண்டு. கொரோனா காலத்தில் லைசென்ஸோடு வீட்டில் இருந்தவர்களை நாம் பார்த்தோம். அந்த இடைவெளியில் சாப்பிடவும் வட்டி கட்டவும் வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.

பயிற்சிப் பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கட்டடத்தையும் சீருடையையும் பார்க்காதீர்கள். நேரில் போய், அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவர்களிடம் பள்ளி ஊழியர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் இருக்கின்றன, எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், பயிற்றுநர்கள் எத்தனை பேர், கடைசியாக முடித்துப் போனவருக்கு எத்தனை மாதம் ஆயிற்று? இந்த நான்கு விடைகளும் விளம்பரப் பிரசுரத்தைவிட அதிகம் சொல்லும். பத்து விமானம் நிற்கும், அதில் ஆறுக்கு உதிரிபாகம் வராமல் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றரை ஆண்டில் முடிய வேண்டியது மூன்று ஆண்டு ஆகும்.

பெரிய விமானங்கள் வந்துபோகும் நிலையத்தில் பயிற்சி விமானம் காத்திருக்க நேரும், அதையும் விசாரியுங்கள். எரிபொருள் விலை ஏறினால் கூடுதல் கட்டணமா, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கேட்கும் இடத்துக்கு நான் என் மாணவர்களை அனுப்புவதில்லை. 2025 முதல் டி.ஜி.சி.ஏ. பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டில் படித்தால் சீக்கிரம் முடியுமாமே?

பறக்கும் பகுதி சீக்கிரம் முடியலாம். வானிலையும் விமானங்களின் எண்ணிக்கையும் அங்கே சாதகமாக இருக்கும். ஆனால் திரும்பி வந்து இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். இங்கேயும் தேர்வெழுத வேண்டும், விமானத்தில் திறன் காட்ட வேண்டும், அந்த நாட்டிலிருந்து லைசென்ஸ் உண்மையானதுதான் என்ற உறுதிக் கடிதம் வர வேண்டும். சில நாடுகளில் 200 மணிக்குக் குறைவாகவே வணிக லைசென்ஸ் கொடுத்துவிடுவார்கள். இந்திய விதிக்கு அது போதாது. இந்தியக் கணக்குப்படி எல்லா மணிகளையும் அங்கேயே முடித்துக்கொண்டு வராதவர்கள், மிச்சம் சில மணி நேரத்துக்காக இங்கே ஒரு பள்ளியில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சி.பி.எல். கையில் வந்துவிட்டது. அடுத்து?

சி.பி.எல். வாங்கியவர் உடனே ஏர்பஸ்ஸில் ஏறிவிட முடியாது. ஏ320, போயிங் 737, ஏ.டி.ஆர். 72 என்று ஒவ்வொரு வகைக்கும் தனியாக 'டைப் ரேட்டிங்' எடுக்க வேண்டும். பெரும்பகுதி சிமுலேட்டரில்தான். இன்ஜினில் தீ, ஒரு இன்ஜின் செயலிழப்பு, ஹைட்ராலிக் கோளாறு என்று நிஜத்தில் செய்து பார்க்க முடியாதவற்றையெல்லாம் அங்கே செய்து பழகுவார்கள். இரண்டு விமானிகள் வேலையைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதும் அங்கேதான் படியும். பாதி மணி நேரம் தானே ராஜாவாகப் பறந்தவருக்கு இது பெரிய மாற்றம்.

வேலை கிடைப்பதற்கு முன் சொந்தப் பணத்தில் டைப் ரேட்டிங் எடுப்பது சூதாட்டம். எந்த விமானத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்பது ஆறு மாதத்தில் மாறிவிடும். முடிந்தவரை, ஒரு நிறுவனம் தேர்ந்தெடுத்த பிறகு எடுங்கள்.

கேப்டன் ஆக எத்தனை ஆண்டு?

துணை விமானியாகச் சேர்ந்து, 1,500 மணி நேரம் சேர்த்து, ஏ.டி.பி.எல். எழுதி, நிறுவனத்தின் தனித் தேர்வுகளையும் தாண்ட வேண்டும். ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. நிறுவனம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்கு நான்கைந்து ஆண்டு, சிலருக்குப் பத்து.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

தாராளமாக. 1936-இலேயே, இந்தியாவின் தொடக்ககாலப் பெண் விமானிகளில் ஒருவரான சரளா துக்ரால் தன் 21 வயதில், புடவை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டினார். அப்போது அவருக்கு ஒரு குழந்தையும் இருந்தது. இன்று விமானிகளில் பெண்களின் பங்கு உலகச் சராசரியைவிட இந்தியாவில் இரு மடங்குக்கு மேல். மருத்துவத் தகுதி, மணி நேரம், தேர்வு எதிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. உயரம் குறைவு என்று தயங்குகிறவர்கள், ஒரு பயிற்சி விமானத்தில் உட்கார்ந்து கால் மிதிகளை முழுமையாக எட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். விடுதியின் பாதுகாப்பை விசாரியுங்கள், அது எந்தப் படிப்புக்கும் விசாரிக்க வேண்டியதுதானே.

ஒருமுறை வாங்கிய லைசென்ஸ் ஆயுளுக்கும் செல்லுமா?

2023-இல் விதியைத் திருத்தி, சி.பி.எல்., ஏ.டி.பி.எல். இரண்டுக்கும் செல்லுபடிக் காலத்தை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக உயர்த்தினார்கள். 2025 பிப்ரவரி முதல் லைசென்ஸ் மின்னணு வடிவிலும் வருகிறது. ஆனால் அட்டை மட்டும் இருந்தால் பறக்க முடியாது. மருத்துவச் சான்றைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும், விமான நிறுவனத்தில் இருப்பவர் ஆண்டுக்கு இருமுறை சிமுலேட்டரில் திறன் காட்ட வேண்டும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு துளி மதுகூடக் கூடாது, மூச்சுப் பரிசோதனையில் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் இதில் சேரும். விமான நிறுவனத்தில் 65 வயது வரை பறக்கலாம்.

இவ்வளவு பணம் இல்லை. வேறு வழியே கிடையாதா?

இருக்கிறது, நான் பெருமையோடு சொல்லும் வழி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்தவர்கள் விமானப் படைப் பிரிவுக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வை எழுதலாம். ஆண், பெண் இருவரும் எழுதலாம். பட்டதாரிகளுக்கு விமானப் படை நடத்தும் ஏ.எஃப்.சி.ஏ.டி. தேர்வு இருக்கிறது. தேர்வானால் பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை, நாடு உங்களைப் பயிற்றுவிக்கும். போட்டி மிகக் கடுமை, வயது வரம்பும் உடல் தகுதி விதிகளும் சிவில் துறையைவிட இறுக்கம். ஆகவே பிளஸ் ஒன்னிலேயே தயாராகத் தொடங்க வேண்டும். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் சேருங்கள், சிறு விமானத்தில் பறக்கும் வாய்ப்பு அங்கே கிடைப்பதுண்டு.

ட்ரோன் ஓட்டுநர் சான்று எடுத்தால் விமானி லைசென்ஸுக்கு உதவுமா?

உதவாது. 2021 ட்ரோன் விதிகளின்படி வழங்கப்படும் அந்தச் சான்று தனி, அதற்கு 18 வயதும் பத்தாம் வகுப்பும் போதும். அதில் பறக்கவிட்ட நேரம் உங்கள் 200 மணியில் சேராது. ஆனால் வயலுக்கு மருந்து தெளிப்பது, நில அளவை என்று இந்த மாவட்டத்திலேயே அதற்கு வேலை இருக்கிறது. முதல் வகுப்பு மருத்துவத்துக்குத் தேதி கேட்டுக் காத்திருக்கும் மாதங்களில் அதைக் கற்றுக்கொண்டு, தேர்வுக் கட்டணத்துக்கு அதிலேயே சம்பாதித்தவர்கள் உண்டு.